கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா? ரிப்பேரா, ஃபார்மேட்டா... முடிவெடுப்பது எப்படி?

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். லோகோ வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் நீலத் திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் முதல் பதில் ஒன்றுதான்: "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டுடலாம்."

நாமும் தலையாட்டிவிடுகிறோம். சாயங்காலம் கம்ப்யூட்டர் புதுசு மாதிரி திரும்பி வருகிறது. ஆனால், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ எங்கே? 3 வருஷ ஜிஎஸ்டி கணக்கு எங்கே? "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்" என்பார் கடைக்காரர்.

ஃபார்மேட் தப்பான வழி இல்லை. சில நேரம் அதுதான் ஒரே வழி. ஆனால் எப்போது ரிப்பேர் போதும், எப்போது மொத்தமாக அழித்துவிட்டு ரீ-இன்ஸ்டால் செய்யணும் என்பது தெரியாமல் தலையாட்டுவதில்தான் சிக்கல். அதை எப்படி முடிவு செய்வது? பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-க்கு, மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தனிநபர் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், பட்டியலில் உள்ள புராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். அதனால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலரும் இப்போது ஒரே கேள்வியில் நிற்கிறார்கள். இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவதா, புதிதாகப் போடுவதா?

ரிப்பேர், ரீசெட், ரீ-இன்ஸ்டால்: என்ன வித்தியாசம்?

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி இழப்பு நடக்கிறது.

ரிப்பேர்: கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை மட்டும் சரிசெய்வது. உங்கள் ஃபைல், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் எதுவும் போகாது.

ரீசெட்: விண்டோஸ் தன்னைத்தானே திரும்பப் போட்டுக்கொள்வது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்வு செய்தால் உங்கள் டாக்குமென்ட், போட்டோ இருக்கும். ஆனால் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும்.

கிளீன் இன்ஸ்டால்: நம் ஊர் மொழியில் 'ஃபார்மேட்'. பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அந்த டிரைவில் இருந்த எல்லாமே காலி.

இதில் எதைத் தேர்வு செய்வது? உலகமே பார்த்த இரண்டு சம்பவங்கள் இதற்கு நல்ல பாடம்.

85 லட்சம் கம்ப்யூட்டர்... ஒரே ஒரு ஃபைல்

2024 ஜூலை 19. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அதில் பிழை. 10.57-க்கே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் உறைந்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. விமானங்கள் ரத்து, மருத்துவமனைகளில் தடுமாற்றம். இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கலாம்.

பார்ப்பதற்கு விண்டோஸே செத்துப்போன மாதிரிதான் இருந்தது. ஆனால் ஃபார்மேட் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறந்து, '291' என்ற எண் கொண்ட அந்தக் கோளாறான ஃபைலை டெலிட் செய்து, ரீஸ்டார்ட் செய்தால் போதும். வேலை அவ்வளவுதான். 10 நாளில், அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஓடும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் சுமார் 99 சதவீதம் திரும்ப ஆன்லைனுக்கு வந்துவிட்டன.

அப்போ ஏன் 10 நாள்? பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு யாராவது ஒருவர் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. இன்னொரு தடை பிட்லாக்கர். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் இந்த வசதி இருந்த கம்ப்யூட்டர்களில், 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் உள்ளேயே போக முடியவில்லை.

காரணம் என்ன என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய கோளாறாகத் தெரிந்தாலும் ரிப்பேரே போதும். அன்றைக்கு அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டவர்கள் இழந்தது தேவையில்லாத இழப்பு.

45,000 கம்ப்யூட்டர்... மொத்தமாக ரீ-இன்ஸ்டால்

இன்னொரு சம்பவம் இதற்கு நேர் எதிர். 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற சைபர் தாக்குதல் உக்ரைனில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. உக்ரைனில் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக அது நுழைந்தது. பணம் கேட்பதுபோல் செய்தி காட்டினாலும், டேட்டாவை அழிப்பதுதான் அதன் உண்மையான வேலை.

டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் நிறுவனம் மெர்ஸ்க் கடுமையாக அடி வாங்கியது. மும்பை அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் முனையத்தின் வேலைகூட பாதிக்கப்பட்டது. மெர்ஸ்க் என்ன செய்தது? 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், 2,500 அப்ளிகேஷன்கள்... எல்லாவற்றையும் 10 நாளில் புதிதாக இன்ஸ்டால் செய்தார்கள். அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜிம் ஹாகெமன் ஸ்னாபே 2018-ல் டாவோஸ் கூட்டத்தில் சொன்ன கணக்கு இது.

இங்கே ஏன் ரிப்பேர் செய்யவில்லை? சிஸ்டம் அழிந்துபோனது ஒரு காரணம். அழியாமல் தப்பியதாகத் தெரியும் கம்ப்யூட்டரைக்கூட நம்ப முடியாது என்பது இன்னொன்று. உள்ளே வைரஸ் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, பழைய சிஸ்டத்துக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுவது ஆபத்து.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. மெர்ஸ்க்கின் நெட்வொர்க்கில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற விவரத்தை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துவிட்டன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த டேட்டாவை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்தான் மற்றதையெல்லாம் எழுப்பினார்கள்.

அதாவது, ரீ-இன்ஸ்டால் செய்தவர்களைக் காப்பாற்றியதும் ரீ-இன்ஸ்டால் இல்லை. எங்கோ மிச்சமிருந்த ஒரு காப்பிதான்.

சரி, நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்கு எது?

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. கோளாறு எப்போது தொடங்கியது?

"நேத்து அப்டேட் ஆச்சு, இன்னிக்கு ஓடல", "புது பிரின்டர் டிரைவர் போட்டதிலிருந்து நீலத் திரை" என்று காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறதா? அப்போ ரிப்பேர்தான். விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால், ஆன் ஆகும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் ரெகவரி திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரெஸ்டோர், சேஃப் மோட் எல்லாம் இருக்கும்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் மக்கர் பண்ணுகிறது என்றால், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போங்கள். 'ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூஸிங் விண்டோஸ் அப்டேட்' என்ற வசதி இருக்கும். இது விண்டோஸை அப்படியே மேலேயே திரும்பப் போடும். ஃபைலும் போகாது, சாஃப்ட்வேரும் போகாது. ரிப்பேருக்கும் ஃபார்மேட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

2. இந்த சிஸ்டத்தை இன்னும் நம்பலாமா?

தெரியாத சாஃப்ட்வேர் தானாக வந்து உட்காருகிறது, ஆன்டிவைரஸ் தானே ஆஃப் ஆகிறது, ஃபைல் பெயரெல்லாம் மாறிப்போய் பணம் கேட்கிறது என்றால் ரிப்பேரில் நேரம் செலவழிக்காதீர்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். கிளீன் இன்ஸ்டால்தான் சரி. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ மாற்றிவிடுங்கள். 'கிராக்' செய்த விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டருக்கும் இதே பதில்தான். அதற்குள் வேறு என்ன வைத்து அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப், விற்கப்போகும் லேப்டாப்... இரண்டுக்கும்கூட கிளீன் இன்ஸ்டால்தான்.

3. கெட்டது விண்டோஸா, டிஸ்க்கா?

இதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறோம். ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம், ஒரு ஃபைலைத் திறக்க நிமிஷக்கணக்கில் ஆவது, காப்பி பண்ணும்போது பாதியில் நின்றுபோவது... இவையெல்லாம் டிஸ்க் கடைசிக் காலத்தில் இருப்பதற்கான அறிகுறி. அந்த நேரத்தில் ரிப்பேரும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம். இரண்டுமே டிஸ்க்குக்குக் கூடுதல் வேலை கொடுத்து, இருக்கும் டேட்டாவையும் சாகடிக்கலாம். முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள்.

விண்டோஸ் போட்ட சில வாரத்தில் மறுபடியும் அதே நீலத் திரை வருகிறதா? அப்போதும் சந்தேகம் ரேம், டிஸ்க் பக்கம் போகணும். அடிக்கடி ஃபார்மேட் போடுவது காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை மட்டும் போடுவது மாதிரிதான்.

ஃபார்மேட்டுக்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

டாக்குமென்ட், போட்டோ, டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப்... இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போவது இவைதான்:

- கணக்கு, பில்லிங் சாஃப்ட்வேரின் டேட்டா. சில சாஃப்ட்வேர்கள் டேட்டாவைத் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' போட்டாலும் அது காப்பாற்றப்படாமல் போகலாம். சாஃப்ட்வேரைத் திறந்து, அதிலிருக்கும் பேக்கப் வசதியிலேயே எடுத்துவிடுங்கள்.
- பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, புக்மார்க். அக்கவுன்ட்டில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.
- பழைய தமிழ் ஃபான்ட்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் டைப் செய்த ஃபைல் பத்திரமாக இருந்தாலும், ஃபான்ட் போய்விட்டால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். டிடிபி, ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் காப்பி எடுக்கணும்.
- டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பிரின்டர், ஸ்கேனர் ஆகியவற்றின் டிரைவர்கள்.
- பிட்லாக்கர் ரெகவரி கீ. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

"ஃபார்மேட் பண்ணினாலும் ரெகவர் பண்ணிக்கலாம்" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-யில் அழித்த டேட்டாவைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிய பயம் மட்டும் பெரும்பாலும் தேவையில்லை. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள ஒரிஜினல் விண்டோஸ் என்றால், அதே கம்ப்யூட்டரில் அதே எடிஷனைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

"அண்ணா, என்ன கோளாறுன்னு பார்த்தீங்களா?"

"டிஸ்க் நல்லா இருக்கான்னு செக் பண்ணீங்களா?"

"டேட்டா போகாம சரிபண்ண முடியுமா?"

"ஃபார்மேட்தான்னா, பேக்கப் எடுத்து எனக்குத் திறந்து காட்டிட்டுப் பண்றீங்களா?"

கடைக்காரரைச் சந்தேகப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் தேடுவதற்கு அவருக்கு மணிக்கணக்கில் ஆகலாம். ஃபார்மேட் என்றால் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அவருக்கு அது லாபமான வழி. உங்கள் போட்டோவின் மதிப்பு அவர் கணக்கில் வராது. அதை நீங்கள்தான் சொல்லணும்.

அதேபோல ரிப்பேருக்கும் ஓர் எல்லை வையுங்கள். டேட்டா பத்திரமாக வெளியே இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் முயற்சி செய்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், மல்லுக்கட்டாமல் ரீ-இன்ஸ்டால் செய்துவிடலாம். இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு ஃபார்மேட் சுலபமான தீர்வு.

சுருக்கமாகச் சொன்னால்: காரணம் தெரிந்தால் ரிப்பேர். நம்பிக்கை போனால் ரீ-இன்ஸ்டால். டிஸ்க் போனால் முதலில் டேட்டா, மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கம்ப்யூட்டர் இன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்போ ஒரு வேலை மட்டும் பாக்கி. முக்கியமான ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்றைக்கே காப்பி போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கானாவில் கரண்ட் கட் செய்த வேலையை, உங்கள் வீட்டில் அந்த டிஸ்க் செய்யும்.