மிதிச்சா நிக்கணும், அவ்ளோதான்

மின்சார வண்டி வாங்கப் போறேன்னு யாராவது வாயைத் திறந்தா, சுத்தி நிக்கிற நாலு பேரும் கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டு தான். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி எத்தனை வருஷம் வரும்? "பிரேக் எப்படிங்க?"ன்னு கேட்ட புண்ணியவானை நான் இன்னும் பாக்கல. பெட்ரோல் வண்டியில இருக்கற அதே பிரேக் தானேன்னு ஒரு நெனப்பு. அப்படி இல்லைங்கறதுக்குத் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

பழைய காருல விஷயம் எளிசு. கால் பெடலை மிதிக்குது, பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டு போகுது, பேட் போய் டிஸ்க்கைக் கவ்வுது. ஆயில்ல காத்து பூந்துட்டா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மெக்கானிக் சொல்றதுக்கு முன்னாடியே காலுக்குத் தெரிஞ்சுடும். கட்டளை போடறதும் கால் தான், சென்சாரும் கால் தான்.

மின்சாரக் காருல நிறுத்துற வேலையை ரெண்டு பேரு பங்கு போட்டுக்கறாங்க. ஒண்ணு மோட்டார். அதுவே ஜெனரேட்டரா மாறி, வண்டியோட வேகத்தைக் கரண்ட்டாக்கி பேட்டரிக்கு அனுப்பிடும். இன்னொண்ணு நம்ம பழைய பேட். இதுல மோட்டார் கொஞ்சம் மூடு பாத்து வேலை செய்யற ஆளு. பேட்டரி நிறைஞ்சு இருந்தா கரண்ட்டைக் கொட்ட இடமில்ல, பிடிப்பு குறைஞ்சுடும். கடுங்குளிர்லயும் அதே கதை. அதனால பல வண்டிகள்ல, கால் கேட்ட விசையில மோட்டார் தர்றது போக மிச்சத்தை பேட் தரணும்னு கம்ப்யூட்டர் ஓயாம கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கு. வெறும் கழித்தல் கணக்கு தான். ஆனா ஒரு தடவை தப்பினா என்ன ஆகும்?

2010 பிப்ரவரியில டொயோட்டா, ப்ரியஸ் உள்பட சுமார் 4,37,000 ஹைப்ரிட் கார்களைத் திரும்பக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கா? மேடுபள்ளத்துலயோ வழுக்கற ரோட்டுலயோ ஏபிஎஸ் வேலை செய்யும்போது, மோட்டார் பிடியிலேர்ந்து ஆயில் பிரேக்குக்கு மாறுற இடத்துல ஒரு சின்னத் தொய்வு. பேட் நல்லாத் தான் இருந்தது, டிஸ்க்கும் நல்லாத் தான் இருந்தது. மென்பொருளை மாத்தித் தான் சரி பண்ணாங்க. சின்னத் தொய்வு தானேன்னு தோணலாம். 60 கிலோமீட்டர் வேகத்துல அரை நொடிக்கு வண்டி 8 மீட்டர் போயிடும். ஸ்கூல் வாசல்ல 8 மீட்டர்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை. 2018ல டெஸ்லா மாடல் 3 காரை அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சோதிச்சுப் பாத்தது. மணிக்கு 60 மைல் வேகத்துலேர்ந்து நிக்க 152 அடி ஆச்சு. அவங்க சுட்டிக்காட்டுன கொஞ்ச நாள்லயே ஏபிஎஸ் மென்பொருளை நெட் வழியாவே அனுப்பி மாத்தினாங்க. மறுபடி சோதிச்சா 133 அடி! பாராட்ட வேண்டியது தான். ஆனா எனக்கு வயித்தைக் கலக்குது. ராத்திரி தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள 19 அடி குறைக்க முடியும்னா, கூட்டவும் முடியும் தானே?

சரி, மேட்டருக்கு வருவோம். இப்போ அடுத்த கட்டமா ஆயிலையே தூக்கிட்டு, சக்கரத்துக்கு ஒரு குட்டி மோட்டார் வெச்சு, திருகு மாதிரி சுத்தி பேட்டை அழுத்தற பிரேக் வருது. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வெறும் ஒயர். பெடல்ல நம்ம கால் உணர்றது ஸ்பிரிங் வெச்சு செஞ்ச நடிப்பு. டன் கணக்குல அழுத்தற அந்த விசை உண்மையிலேயே வந்துச்சா இல்லையான்னு யாரு சொல்றது?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, திருகுக்குப் பின்னால விசையை அளக்கற சென்சார் வைக்கறது. பக்கத்துலயே நூத்துக்கணக்கான டிகிரி சூட்டுல கொதிக்கற டிஸ்க், சேறு, தண்ணி, அதிர்வு எல்லாத்தையும் அது தாங்கணும். செலவு. இன்னொண்ணு, குட்டி மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குது, எத்தனை சுத்து சுத்துச்சுன்னு பாத்து விசையை ஊகிக்கறது. மலிவு. ஆனா பேட் தேயத் தேய அது டிஸ்க்கைத் தொடற இடம் மாறும். சூடானா பேட்டோட விறைப்பு மாறும். கியர் உராய்வால, அழுத்தும்போது ஒரு கரண்ட்டும் தளர்த்தும்போது வேற கரண்ட்டும் காட்டும், விசை என்னவோ ஒண்ணு தான்.

என் கட்சி இது தான்: ஊகம் ரெண்டாவது சாட்சியா இருக்கட்டும், ஒரே சாட்சியா இருக்கக் கூடாது. "சென்சாரும் பொய் சொல்லுமே"ன்னு கேப்பீங்க. சொல்லும். அதனால தான் ரெண்டும் வேணும்ங்கறேன். ரெண்டு கணக்கும் ஒத்துப் போகலைன்னா உடனே டிரைவருக்குத் தெரியணும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கற இடம் இதுவா? ஸ்டீரியோவுக்கு எத்தனை ஸ்பீக்கர் வைக்கறாங்கன்னு பாருங்க!

அதோட முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. கவ்வுற விசை வேற, வண்டியை நிறுத்தற விசை வேற. நடுவுல உராய்வுன்னு ஒரு ஆசாமி உக்காந்திருக்கான். மோட்டாரே பெரும்பாலும் நிறுத்திடறதால பேட்டுக்கு வேலை குறைவு, டிஸ்க் சும்மா கெடந்து துருப்பிடிக்கும். (ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 பின் சக்கரத்துல பழங்கால டிரம் பிரேக் இருக்கறதைப் பாத்து சிரிச்சவங்க நிறைய. மூடி இருக்கற டிரம்முல துரு குறைவு. சிரிக்க ஒண்ணுமில்ல.) துருப்பிடிச்ச டிஸ்க்கை அவசரத்துல முதல் தடவை கவ்வும்போது பழைய கணக்கு ஒத்து வராது.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. ஊட்டியில ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டுட்டு காலையில மேட்டுப்பாளையம் இறங்கறீங்க. கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ காருக்கு அது சுமார் 8 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான ஆற்றல். நிறைஞ்ச பேட்டரி அதை வாங்காது. காத்தும் ரோடும் தின்னது போக மிச்சம் பூரா சூடாத் தான் போகணும், அதுவும் பெரும்பாலும் பேட் வழியா. மலைக்கு மேல 80 சதவீதத்தோட நிறுத்திக்கறது நல்லதுன்னு எந்த விளம்பரமாவது சொல்லுதா?

ரேஞ்சை அம்மாம் பெரிய எழுத்துல போடறவங்க, ஃபுல் சார்ஜ்ல, ஈர ரோட்டுல, ஒரு வாரம் சும்மா நின்ன டிஸ்க்கோட வண்டி எத்தனை மீட்டர்ல நிக்கும்னு பக்கத்துலயே போடணும்னு சட்டம் வந்தா நான் ரெண்டு கையும் தூக்குவேன்.

உங்கள்ல யாராவது ஃபுல் சார்ஜோட மலை இறங்கியிருந்தா, கால்ல என்ன வித்தியாசம் தெரிஞ்சதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.