மனு எழுதிய வியாபாரி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் நம் தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரு பெரிய வியாபாரி சட்டசபைக்குப் போனால் யாருக்காகப் பேசுவார்? சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு மனிதரை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் சென்னை கஜுல லட்சுமிநரசு செட்டியார்.

1806இல் பிறந்தவர். அவுரிச் சாயமும் ஜவுளியும் விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தை 1844இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் போட்டார். 1852இல் சென்னைவாசிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நகரத்து வியாபாரிகளே மிகுந்த சங்கந்தான். ஆனால் அது லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனு, வரி வசூலுக்காகக் கும்பினி அரசின் சிப்பந்திகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்வதை அம்பலப்படுத்தியது.

கிட்டி போடுவது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் உண்டு. வரி பாக்கி வைத்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை!

மனுவை அனுப்பிவிட்டுச் செட்டியார் கடைக்குத் திரும்பிவிடவில்லை. 1853இல் டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் வந்தபோது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று, அடிபட்டவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். 1854இல் லண்டனில் விவாதம் நடந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்டது.

சட்டசபைப் பதவி பின்னால் வந்தது. 1863இல் கவர்னர் நியமித்தார். ஓட்டுப் போட்டு அனுப்ப ஜனங்களுக்கு உரிமை இல்லாத காலம். பட்ஜெட்டைப் பற்றி விவாதிக்கவும், அரசைக் கேள்வி கேட்கவும் 1892 வரை உறுப்பினருக்கு அதிகாரமே கிடையாது. ஆகவே அவர் பெயரை நிலைநிறுத்தியது நாற்காலி அல்ல, அதற்கு முன் எழுதிய மனுதான் என்பது எங்கள் கருத்து. 1868இல் இறந்தபோது செல்வம் கரைந்துபோயிருந்தது. பதவிக்குப் போன பிறகு செழித்தவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் படும்.

நம் குறைகளுக்கு வருவோம். பிடித்துவைத்த கூலி, திருப்பித் தராத வாடகை முன்பணம், ரேஷன் கார்டில் விட்டுப்போன பிள்ளையின் பெயர்: கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். தேதியும் தொகையும் போட்டு எழுதித் தந்தவர்கள் எத்தனை பேர்? எழுதிய தாள் இல்லாமல் எந்த அதிகாரியிடம் போய் நிற்பது?

எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். வாடகைக் கணக்கு அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.