சாபுவும் முள்ளுக்கம்பியும்

2025 இல் செத்துப்போன றெஸ்லிங்காரரில் எல்லோரும் ஹல்க் ஹோகனைத்தான் பேசினார்கள். ஜூலை 24, வயது 71. எனக்கு மனதை விட்டுப் போகாதவர் சாபு.

"றெஸ்லிங் எல்லாம் நடிப்புத்தானே?" என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் காட்டுவேன். 1997 இல் டெரி ஃபங்க்குடன் மோதியபோது, ரிங்கைச் சுற்றிக் கயிற்றுக்குப் பதிலாகக் கட்டியிருந்த முள்ளுக்கம்பி அவருடைய கைத்தசையைக் கிழித்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டு மிச்சச் சண்டையையும் பிடித்தார். வெற்றி தோல்வி முன்பே பேசி வைத்ததுதான். காயம் பேசி வைத்ததல்ல.

கடைசிப் போட்டி 2025 ஏப்ரல் 18, லாஸ் வேகாஸில். 60 வயதில் திரும்பவும் முள்ளுக்கம்பி. மே 11 இல் ஆள் இல்லை. போட்டியால்தான் செத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதில் அவரைக் கம்பிக்குள் இறக்கியது யார் என்றுதான் கேட்கிறேன்.

கம்பெனிகளைத் திட்டலாம். டபிள்யூ.டபிள்யூ.இ. கூட வீரர்களைத் தன் ஊழியராகக் கணக்கெடுப்பதில்லை, ஒப்பந்தக்காரர்தான். ஆனால் இரத்தத்தைக் கண்டதும் எழும்பிநின்று கை தட்டியவர்கள் என்னைப்போன்ற இரசிகர்கள்தானே?

செத்த பிறகு படம் போட்டு அழுவது சுகம். உயிரோடு இருக்கிற ஒரு கிழட்டு வீரன் "போதும், இனி ஏலாது" என்று இறங்கும்போதும் அதே அளவு கை தட்டுவோமா? அதுதான் அஞ்சலி.