பார்ட் டைம் பாஸ்: வண்டிக்கு லீவு உண்டு, இன்ஷூரன்ஸுக்குக் கிடையாது!

உலகத்தில் எந்தெந்த ஊரில் நம்ம வயசுப் பசங்க பகுதி நேரமா எப்படிச் சம்பாதிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வர்றோம் இல்லையா? இந்த வாரம் அமெரிக்கா. தொழில் ரொம்ப சிம்பிள்: பிக்கப் டிரக்குக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அடுத்தவங்க காரை ஏற்றி, வேற ஊரில் கொண்டுபோய் இறக்கணும்.

‘காருக்குத்தான் சக்கரம் இருக்கே, ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அங்கே பழைய கார் விற்கும் டீலர்கள் பலர் ஏலத்தில்தான் வண்டி எடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் மன்ஹைம் என்ற ஊரில் 1945-ல் தொடங்கிய கார் ஏலம், இன்று அதே பெயரில் நாடு முழுக்க நடக்கிறது. ஏலம் எடுத்த காரை யாராவது கடைக்குக் கொண்டுவர வேண்டுமே! அடிபட்ட கார்களுக்குத் தனி ஏலம் உண்டு. அதில் பாதி வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ராணுவத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் ஆரம்பித்ததும் வடக்கிலிருந்து ஃப்ளோரிடா, அரிசோனா என்று கிளம்பிவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ‘ஸ்னோபேர்ட்’ என்பது அவர்களுக்குச் செல்லப் பெயர். அவர்கள் ஃப்ளைட்டில் போவார்கள், கார் டிரெய்லரில் போகும்.

ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாசலில் பிக்கப் நிற்கிறது. சனி, ஞாயிறு சும்மாதான் இருக்கிறோம். ‘மச்சான், ஒரு டிரெய்லர் வாங்கினா போதும்டா!’

போதுமா? அங்கேதான் பாஸ் கணக்கே ஆரம்பம்.

கதவோர ஸ்டிக்கர்

பிக்கப்பின் கதவோரம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். லோடோடு சேர்த்து இந்த வண்டி அதிகபட்சம் இவ்வளவு எடைதான் என்று கம்பெனி போட்டிருக்கும். டிரெய்லருக்கும் அதே மாதிரி ஒரு எண் உண்டு. சட்டம் இரண்டையும் கூட்டிப் பார்க்கும். டிரெய்லர் காலியாகப் போனாலும் இதே கூட்டல்தான்.

மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்குச் சரக்கு ஏற்றும்போது இந்தக் கூட்டுத்தொகை 10,001 பவுண்டைத் தொட்டால் (நம்ம கணக்கில் சுமார் 4,536 கிலோ) உங்கள் பிக்கப் வர்த்தக வாகனம் ஆகிவிடும். சாதாரண பிக்கப் 7,000 பவுண்டு, ஒரு கார் ஏற்றும் டிரெய்லர் 7,000 என்று வையுங்கள். 14,000 ஆச்சு. ஒரே ஒரு கார்தான் ஏற்றினீர்கள், ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் நீங்கள் ஒரு லாரி கம்பெனி!

அப்புறம் போக்குவரத்துத் துறை எண், 300 டாலர் கட்டித் தொழில் அனுமதி, டாக்டர் கொடுக்கும் ஃபிட்னஸ் சான்றிதழ் எல்லாம் வரிசையாக வரும். முதல் 18 மாதம் புது கம்பெனி என்று தனிக் கண்காணிப்பு வேறு. டிரைவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். காலேஜ் செகண்ட் இயர் பையன் மாநில எல்லையைத் தாண்டி லோடு அடிக்க முடியாது.

இன்னொரு கோடும் உண்டு. டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, மொத்தக் கூட்டுத்தொகை 26,001-ஐத் தொட்டால் கனரக லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அதனால் பலர் 12,000 பவுண்டு பிக்கப், 14,000 பவுண்டு டிரெய்லர் என்று சரியாக 26,000-ல் நிறுத்திக்கொள்வார்கள். டிரெய்லரின் சொந்த எடையே 5,000 என்றால் மிச்சம் 9,000. ஒரு நடுத்தர கார் 3,400 பவுண்டு இருக்கும். ரெண்டு கார் தாராளமாக ஏறும். மூணாவதுக்கு இடம் இருந்தாலும் எடை இடம் கொடுக்காது.

ஆபீஸ் நேரமும் கணக்கில் வரும்

இதுதான் பலர் கவனிக்காத மேட்டர். அமெரிக்கச் சட்டப்படி லாரி டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் வண்டி எடுக்கலாம். டியூட்டி ஆரம்பித்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். வாரம் ஏழு நாளும் வண்டி ஓடாத கம்பெனி என்றால், எந்த 7 நாளை எடுத்தாலும் டியூட்டி 60 மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஓட்டக் கூடாது.

வேறு இடத்தில் சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் இந்த டியூட்டியில் சேரும்! திங்கள் முதல் வெள்ளி வரை 40 மணி நேரம் ஆபீஸ் போனவருக்கு மிச்சம் 20 மணி நேரம்தான். கார் ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது எல்லாம் அந்த இருபதுக்குள்தான் அடங்கணும். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்தவர், ராத்திரி 11 மணிக்கு மேல் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. சட்டத்தை விடுங்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு, பின்னால் ரெண்டு காரை இழுத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? ரோட்டில் நாம் மட்டும் போவதில்லையே.

சில்லறை எங்கே போகுது?

இந்த வகை வண்டிக்கு அடுத்தவர் உயிர், உடைமைக்காகக் குறைந்தது 7,50,000 டாலர் இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். ஏற்றும் காருக்கும் தனியாக இன்ஷூரன்ஸ் காட்டாமல் புரோக்கரிடம் லோடு வாங்குவது கஷ்டம். ஒரு பேச்சுக்கு எல்லாம் சேர்த்து வருஷ பிரீமியம் 12,000 டாலர் என்று வைப்போம். வருஷத்தில் 250 நாள் ஓட்டுபவருக்கு நாளுக்கு 48 டாலர். சனி, ஞாயிறு மட்டும் நூறு நாள் ஓட்டுபவருக்கு நாளுக்கு 120 டாலர்!

இப்போது ஒரு டிரிப் போடுவோம். ஒரு கார், 200 மைல், மைலுக்கு ஒன்றரை டாலர். கையில் 300. திரும்பி வருவது காலி வண்டி, ஆக ஓடியது 400 மைல். காலனுக்கு 10 மைல் என்றால் 40 காலன். காலன் மூன்றரை டாலர் என்றால் டீசல் 140. இன்ஷூரன்ஸ் 120. மிச்சம் 40 டாலர். டயர் தேய்மானம், டோல், டிரெய்லர் தவணை எல்லாம் இதிலிருந்துதான்!

அதே டிரிப்பில் ரெண்டு கார் ஏற்றினால் மிச்சம் 340. திரும்பும்போதும் லோடு கிடைத்தால் கதையே வேற. லாபம் எஞ்சினில் இல்லை பாஸ், திரும்பி வரும் வழியில் இருக்கு. ஸ்னோபேர்ட் சீசனில் எல்லாரும் தெற்கே போகும்போது வடக்கே வர லோடு தேடுவது பெரும்பாடு.

அப்போ யார் ஜெயிக்கிறாங்க?

பக்கத்து டீலர்கள் ரெண்டு, மூணு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு குறைந்த தூரத்தில் போய் வருபவர்கள். திரும்பும் லோடு உறுதியான பிறகே கிளம்புபவர்கள். சொந்த டிரெய்லர் வாங்குவதற்கு முன் இன்னொரு கம்பெனி வண்டியில் சில மாதம் தொழில் பழகியவர்கள்.

ஏற்றுவதற்கு முன் காரைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்து, இருக்கிற கீறலை எல்லாம் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குபவர்கள். நாலு சக்கரத்தையும் தனித்தனிப் பட்டையால் கட்டி, கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இழுத்துப் பார்ப்பவர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இறங்குகிற மாதிரி காரை முன்தள்ளி நிறுத்துபவர்கள். எடை பின்னால் போனால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட்டம் போடும்; டிரக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிற நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ‘நண்பன் பிக்கப் வெச்சிருக்கான், வீக் எண்ட் லோடு அடிக்கலாம்’ என்று அனுமதி இல்லாமல் இறங்கினால் டிகிரிக்கே வேட்டு.

மத்தபடி, எந்தப் பகுதி நேரத் தொழிலுக்கும் இந்த டிரெய்லர் ஒரு நல்ல வாத்தியார். நாம் பாதி நேரம் உழைப்போம். வாடகையும் பிரீமியமும் தவணையும் முழு நேரம் உழைக்கும். வண்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து, ஒரு வருஷத்தில் நிஜமாகவே எத்தனை நாள் வேலை செய்வோம் என்று எழுதிப் பாருங்கள். மொத்தச் செலவை அந்த நாளால் வகுங்கள். வருகிற தொகையைப் பார்த்த பிறகும் சிரிப்பு மாறலைன்னா, தைரியமா கிளம்புங்க பாஸ்!

அடுத்த வாரம் வேற நாடு, வேற வேலை.