விடியுமுன் கடலுக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



நம் கடற்கரைக் குடியிருப்புகளில் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இருக்கும் குழந்தைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். இரண்டு வயது ஆகிவிட்டால் பால்வாடி இருக்கிறது. சுடச்சுடச் சோறு, வாரம் மூன்று முட்டை, பாட்டுச் சொல்லித்தர ஒரு டீச்சர், தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆயா. அதற்கு முந்தைய பதினெட்டு மாதம்தான் என் கவலை.

பாம்பன் சின்னப்பாலத்திலும் திருப்புல்லாணி ஒன்றியத்துப் பாரதிநகரிலும் பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துச் சாக்கில் சேர்க்கிற வேலை. இருட்டோடு கிளம்பினால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். கருவாட்டுக்கும் மீன் ஏலத்துக்கும் போகிறவர்களுக்கும் விடியற்காலைதான் பிழைப்பு. பிள்ளை பெற்ற சில மாதங்களில் மறுபடியும் கடலில் இறங்கியவர்கள் உண்டு. மீன்பிடிக்கப் போய்ப் பிடிபட்டுப் புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டில் வேறு வழியும் இல்லை.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று, நான்கு வேளை கெட்டியான உணவு ஊட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் கடலில் இருக்கும் நேரத்திலேயே அதில் இரண்டு வேளை கடந்துபோகிறது. அப்போது ஊட்டுவது யார்? கண் மங்கிய அப்பத்தா. அவரும் இல்லையென்றால், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்ட எட்டு வயது அக்கா. அரசு கொடுத்த சத்துமாவு வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுப்பு மூட்டி, குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கொதிக்க வைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவைத்து ஊட்ட எட்டு வயதுப் பிள்ளையால் முடியாது. டீயில் நனைத்த பிஸ்கட்டோடு அந்த வேளை முடிந்துவிடுகிறது. பிறகு பால்வாடியில் நிறுக்கும்போது குழந்தையின் எடை குறைந்திருக்கிறது. தாய்க்கு அக்கறை இல்லை என்று யாராவது சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

2018இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டுதான் இடம்பெற்றன, விருதுநகரும் நாமும். அந்த மாவட்டங்களின் தரவரிசையில் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் சேர்த்து 30 விழுக்காடு மதிப்பு. உயரமும் எடையும் கணக்கில் வருகின்றன. காலை ஐந்து மணிக்குக் குழந்தை யார் கையில் இருக்கிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மூன்று வயதுக்குள் கவனிக்க வேண்டும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலும் நடந்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

நான் கேட்பது இதுதான்: ஆறு மாதக் குழந்தையையும் ஏற்றுக்கொள்ளும் காப்பகம், கடலுக்குப் போகும் நேரத்தில் திறக்கும் காப்பகம். 2022இல் ‘பால்னா’ என்று மாற்றியமைக்கப்பட்ட காப்பகத் திட்டம் ஆறு மாதத்திலிருந்து குழந்தைகளைச் சேர்க்கிறது. தாய்மாரின் வேலை நேரத்தை அனுசரித்துத் திறக்கவும் இடம் தருகிறது. நேரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வும் வேண்டாம். சின்னப்பாலத்துப் பெண்கள் கடல் வளம் அழியக் கூடாதென்று தாங்களே கட்டுப்பாடு வைத்து, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போகிறார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே காப்பகத்தின் நாள்கள் தெரிந்துவிடும்.

இந்தச் சுமையை இப்போதுள்ள அங்கன்வாடிப் பணியாளர் தலையில் ஏற்றிவிட வேண்டாம். செல்போனில் விவரம் ஏற்றுவது, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று அவர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள். முங்க உடம்பு ஒத்துழைக்காத வயதில் கரையிலேயே நின்றுவிட்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் கொடுங்கள். அவர்கள் மடியில் குழந்தைக்குக் கஞ்சி கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். அந்தப் பேச்சின் பலனுக்குச் சான்று உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படிப் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பொம்மைகள்கூட வீட்டில் கிடந்த சாமான்களில் செய்தவைதான்.

முதலில் நாலைந்து ஊர்களில் தொடங்குங்கள். எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பதைப் பாசி எடுக்கும் பெண்களே சொல்லட்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர்களை இராமநாதபுரத்துக்கு வரச் சொன்னால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போய்விடும். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, சமையல் வேலை முடிந்த ஒரு சாயங்காலம் தாங்கள் சின்னப்பாலத்துக்கு வர வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையும் மீன்வளத் துறை அதிகாரியையும் உடன் அழைத்து வாருங்கள். கைக்குழந்தைகளோடுதான் பெண்கள் கூட்டத்துக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
பாம்பன் தீவுவாசி ஒருவர்