நிறமும் நியாயமும்

காஞ்சிக்குப் போய் ஒரு கோர்வைத் தறியருகே நின்றால், சாயம் தோய்த்தவர் ஒருவர், நெய்பவர் வேறொருவர், எதிர்க்கரைக்கு நாடா எறியும் துணைக்கை இன்னொன்று எனப் பலர் கூடியே ஒரு சேலை உருவாவது விளங்கும். சினிமாவும் அத்தகைய கூட்டுத் தொழிலே. அப்படியிருக்க, நிறப் பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு மாணவருக்குப் படத்தொகுப்பு வகுப்பில் இடம் மறுத்த புனே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிலையத்தின் நிலைப்பாட்டை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிராகரித்து, எல்லாப் பாடப்பிரிவுகளையும் அத்தகையோருக்குத் திறந்துவிடப் பணித்தது உசிதமான காரியம். படத்திற்கு நிறம் சீராக்கத் தனியே ஒரு கலைஞர் இருப்பதைத் திரையுலகம் அறியாததா என்ன! ஆயினும், கற்றுத் தேர்ந்தவரைக் குழுவில் சேர்ப்பது தயாரிப்பாளர் சித்தத்தையே பொறுத்தது. ஏனெனில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4 சதவீத இடத்தை ஒதுக்கியிருப்பது அரசுப் பணிகளில்தான். மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே கதைதான்: படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரத்தின் கேரவனுக்கு இடம் தேடத் தெரிந்தவர்கள், சக்கர நாற்காலி ஏறுவதற்கு நாலு பலகையைச் சாய்த்துப் போடச் சொன்னால் மட்டும் செலவுக் கணக்குப் பேசுவார்களாயின், அதை லோபித்தனம் என்றுகூட நான் சொல்லமாட்டேன், வெறும் சோம்பல் என்பேன்.