தெருவுக்குள் ஒரு சபை கூட்டுங்கள்

எங்கள் வார்டின் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களுக்கு,

சாலை, விளக்கு, குடிநீர், சாக்கடை என்று உங்கள் அலுவலகத்துக்கு அன்றாடம் மனுக்கள் வந்துகொண்டிருக்கும். நான் கேட்பது ஒரு கூட்டம். சட்டத்தில் பகுதி சபை என்று இடம்பெற்றிருக்கும் அந்தக் கூட்டத்தை எங்கள் தெருக்களுக்குள்ளேயே, எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லி, முறை தவறாமல் நடத்துங்கள். மற்றக் கோரிக்கைகள் பலவற்றுக்கும் வழி அங்கேதான் பிறக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

காலையில் டீக்கடை வாசலில் நின்றால் டெல்லி அரசியலும் கோட்டை அரசியலும் காதில் விழும். எந்தக் கூட்டணி நிலைக்கும், யாருக்கு எந்த இலாகா என்பதெல்லாம் எங்கள் தெருக்காரர்களுக்கு அத்துப்படி. அவர்களிடமே நம் வார்டு எண் என்ன என்று கேட்டால் பலர் யோசிக்கிறார்கள். வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம். டெல்லியைப் பற்றித் தொலைக்காட்சி நாள் முழுவதும் சொல்கிறது. வார்டைப் பற்றி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அவர்களை யாரும் கேட்டதுமில்லை.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1688-இல் தொடங்கிய நம் சென்னை மாநகராட்சிதான் இந்தியாவிலேயே பழமையானது. ஆனால் 1973-இல் மன்றம் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே கிடையாது. பிறகு 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடையில் வெள்ளமும் குடிநீர்ப் பஞ்சமும் கொரோனாவும் வந்துபோயின. எங்கள் தெருவில் நின்று என்ன வேண்டும் என்று கேட்க, நாங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட அப்போது இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு சென்னைவாசி ஏறக்குறையப் பாதி வாழ்நாளைக் கவுன்சிலர் இல்லாமலே கழித்திருக்கிறார். 2022 தேர்தலில் இந்த நகரத்து வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை என்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விட்டுப்போன பழக்கத்தை யாராவது திரும்ப ஏற்படுத்த வேண்டும். அது உங்களால் முடியும்.

சபை கூடினால் என்ன மாறும் என்பதற்கு எங்கள் தெருச் சாலையையே எடுத்துக்கொள்கிறேன். புதுச் சாலை போட்டார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுவிட்டதால், பழைய வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் சிமென்ட் திட்டு கட்டிக்கொண்டு இரவெல்லாம் வாளியால் இறைக்கிறார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இல் சுற்றறிக்கையே அனுப்பியிருந்தார். வேலை தொடங்கும் முன் தெருவைக் கூட்டி வைத்து, எத்தனை அங்குலம் சுரண்டுவோம், எத்தனை அங்குலம் போடுவோம் என்று பொறியாளர் வாயால் சொல்லியிருந்தால், ஒப்பந்ததாரரின் இயந்திரம் வந்து நின்ற அன்றே எங்கள் தெருப் பெண்கள் அளவுகோலோடு இறங்கியிருப்பார்கள். தாழ்ந்த வாசல்களில் குடியிருப்பவர்களைவிடக் கூர்மையான மேற்பார்வையாளர் எங்கே கிடைப்பார்?

மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறோம். எரியாத விளக்குக்கும் எடுக்காத குப்பைக்கும் அது நல்ல வழிதான். ஆனால் தொலைபேசியில் ஒருவர் தம் வீட்டு வாசலைப் பற்றி மட்டுமே பேச முடியும். காய்கறி வண்டிகள் தெருவில் எந்தப் பக்கம் நிற்கலாம், பூங்கா எத்தனை மணிக்குத் திறந்தால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வசதி, மழைநீர் வடிகாலை முதலில் எந்தத் தெருவில் தொடங்குவது - இவற்றையெல்லாம் புகாராகச் சொல்ல முடியாது. கூடிப் பேசித்தான் முடிவு செய்ய முடியும். வண்டிக்காரர் ஒருபுறமும் நடக்க இடமில்லாத முதியவர் ஒருபுறமும் உட்கார்ந்து பேசினால், இருவருக்கும் ஏற்ற ஓரிடம் கண்ணில் படும். புகார் மட்டுமே வழி என்றால் ஒருவர் மேல் ஒருவர் எழுதிப் போடுவதுதான் நடக்கும்.

கிராமத்தில் இருப்பவருக்கு இந்த வழி எப்போதோ கிடைத்துவிட்டது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்று 2022-இல் அரசு அறிவித்தது. அதே ஆண்டில் நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று பல நகரங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், அவர் தம் பகுதிச் சபையின் உறுப்பினர். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் இந்த நகரத்தில் ஏற்கனவே பேச இடம் உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் நல்ல பணிகள் செய்கின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களின் குரலே கேட்கிறது. வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, முனையில் இட்லி விற்கும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பி, பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்து குடத்தோடு இறங்கி வரும் பாட்டி - இவர்களுக்கு எந்தச் சங்கத்தில் நாற்காலி இருக்கிறது? சட்டம் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அது காலியாக இருப்பதற்குக் காரணம், கூட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாததுதான். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு ஒரு மண்டபத்தில் கட்சிக்காரர்கள் மட்டும் கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலைவதைச் சபை என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல அனுமதியுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வழியில் நீங்கள் வந்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் பெருமைப்பட்டார்கள். ஆனால் தெருவில் நடந்த நிகழ்ச்சிகளில் உங்களுக்குப் பதிலாக உங்கள் வீட்டுக்காரர் பேசுவதையும், அதிகாரிகள் அவரிடம் விவரம் கேட்பதையும் பார்த்தோம். நாங்கள் வாக்களித்தது உங்களுக்கு. தண்ணீர் லாரிக்கு எத்தனை மணி நேரம் நின்றோம் என்று சொல்ல வரும் பெண், உங்கள் முகம் பார்த்துச் சொல்லவே விரும்புகிறாள். சபையில் நீங்களே தலைமை ஏற்றுப் பேசுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருந்து கேட்போம்.

உங்கள் கையில் எல்லா அதிகாரமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற அமைப்புகளுக்கு உரியவை என்று 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அதில் நகரத் திட்டமிடல் உண்டு, குடிநீர் உண்டு. ஆனாலும் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம், திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.), மின்கம்பம் மின்வாரியத்திடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கின்றன. புதுச் சாலையைக் குடிநீர் வாரியம் வெட்டினால் திட்டு வாங்குவது நீங்கள்தான். அதனால்தான் சபை உங்களுக்கும் பலம் என்கிறேன். நீங்கள் தனியாகத் தொலைபேசியில் கேட்டால் அதிகாரி நாளை பார்க்கலாம் என்பார். முந்நூறு வாக்காளர் கூடி நிறைவேற்றிய தீர்மானத்தை மாமன்றத்தில் நீங்கள் எழுந்து படித்தால், அதைத் தட்டிக் கழிப்பது அவ்வளவு எளிதல்ல.

ஆகவே கேட்கிறேன். பத்துப் பகுதிகளிலும் சபையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டுங்கள். பள்ளி மைதானமோ, தெரு முனையோ போதும். மேடையும் மாலையும் வேண்டாம். தேதியை ஒரு வாரம் முன்னதாக ரேஷன் கடையிலும் கோயில், மசூதி, தேவாலய வாசல்களிலும் ஒட்டுங்கள்; குப்பை வண்டியின் ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். வார்டின் வரவு செலவைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பொறியாளரையும் குடிநீர் வாரிய, மின்வாரிய அலுவலர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். பேசியதைக் குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த சபையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முதலில் படியுங்கள்.

என் தெருவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: சபை கூடினால் போய் உட்காருவது நம் கடமை. நாற்காலி காலியாகக் கிடந்தால் அடுத்த கூட்டத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்காது.

அம்மா, முதல் சபைக்குத் தேதி சொல்லுங்கள். அழைப்பை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வார்டின் வாக்காளர் ஒருவர்